இந்தச் சுவர்க்கண்ணாடியைச் செய்தவர் யார்? 1950களின் இத்தாலிய அலங்கார ஆடிகளும் அவற்றின் குடும்பப் பட்டறைகளும்

சாளரத்தோரம்

அனைவருக்கும் வணக்கம். மிலான் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். சென்ற மாதம் இங்கே கூடும் பழம்பொருள் சந்தையில் முட்டை வடிவச் சுவர்க்கண்ணாடி ஒன்றை வாங்கினேன். உயரம் 74 செ.மீ., அகலம் 52 செ.மீ. நடுவில் முகம் பார்க்கும் பகுதியும், அதைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு ஆழ்ந்த நீலக் கண்ணாடிப் பட்டையும், இரண்டும் சேரும் கோட்டில் ஆறு பித்தளைக் குமிழ்களும் உள்ளன. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த நீலம் மயில் கழுத்தின் நிறத்துக்கு மாறுகிறது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

விற்றவர் இது ஃபொன்தானா ஆர்தே நிறுவனத்தின் தயாரிப்பு என்றும், 1950களின் நடுவில் செய்யப்பட்டது என்றும் உறுதியாகச் சொல்லி, அந்தப் பெயருக்குரிய விலையையும் பெற்றுக்கொண்டார். ஆனால் எழுத்தில் எதையும் தரவில்லை. மறுவாரம் இத்துறை அறிந்த வேறொருவரிடம் படத்தைக் காட்டியபோது, "தூரினில் செய்ததாக இருக்கலாம், எவர் செய்ததாகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கொடுத்த பணத்தைவிட, யார் கையால் உருவானது என்று தெரியாமல் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இதை எப்படிக் கண்டறிவது? இத்தாலியில் இத்தகைய ஆடிகளை உண்மையில் யார் செய்தார்கள்?

ரசவாதி

முதலில் ஒரு சொல் ஒழுங்கு செய்துகொள்வோம். தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல் பொருளையும் குறிக்கிறது, அதில் செய்த முகம் பார்க்கும் கருவியையும் குறிக்கிறது. நம் பழைய இலக்கியத்தில் அந்தக் கருவிக்கு ஆடி என்ற அழகான சொல் இருக்கிறது. இத்தாலியர்கள் கண்ணாடிப் பொருளை வேத்ரோ என்றும், தேய்த்து மெருகிட்ட தடித்த தகட்டைக் கிரிஸ்தல்லோ என்றும், ஆடியை ஸ்பெக்கியோ என்றும், சட்டமிட்ட அலங்கார ஆடியை ஸ்பெக்கியேரா என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். நான் இங்கே ஆடி, கண்ணாடி என்று பிரித்தே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த விவாதம் குழம்பிவிடும்.

நீங்கள் கேட்ட நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஜி ஃபொன்தானா என்பவர் மிலானில் 1881-இல் தொடங்கிய கண்ணாடி நிறுவனம், கட்டடங்களுக்கான கண்ணாடியை வெட்டி விற்கும் தொழிலில் வளர்ந்தது. கட்டடக் கலைஞர் ஜோ பொன்த்தி 1930களின் தொடக்கத்தில் அதன் கலை இயக்குநராகச் சேர்ந்தார். 1921 முதல் மிலானில் சொந்தமாகக் கண்ணாடிப் பட்டறை நடத்திவந்த பியெத்ரோ கியேசாவும் அதனுடன் இணைய, 1932-இல் ஃபொன்தானா ஆர்தே என்ற கலைப்பிரிவு பிறந்தது. ஒரே கண்ணாடித் தகட்டை வளைத்துச் செய்த கியேசாவின் மேசை அந்த ஆண்டுக்கு உரியதுதான். கியேசா 1948-இல் மறைந்தார். பின்னர் 1954-இல், தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் தேர்ந்த பிரெஞ்சுக் கலைஞர் மாக்ஸ் ஆங்ராந் கலைப் பொறுப்பை ஏற்றார். வண்ணக் கண்ணாடிப் பட்டை சுற்றிய ஆடிகளைப் பார்த்தவுடன் வியாபாரிகள் ஃபொன்தானா ஆர்தே என்று சொல்வதற்கு அவருடைய காலமே காரணம்.

ஆனால் பட்டையின் நிறத்தைக் கொண்டு பெயரைச் சொல்ல முடியாது. கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலத் தகட்டைப் பணம் கொடுத்தால் எந்தப் பட்டறையும் வாங்கியிருக்கலாம். ஆடியைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் கீழே இருக்குமாறு மெத்தையின் மேல் வைத்து, பின்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். முன்புறம் வாங்குபவருக்காகச் செய்யப்பட்டது. செய்தவர் தமக்காக விட்டுவைத்த அடையாளம் எதுவானாலும் பின்னால்தான் இருக்கும்.

ஏலக்குறிப்பு

ரசவாதி சொன்னதை ஏற்கிறேன். தூரின் என்று இரண்டாமவர் சொன்னதற்குக் காரணம், அந்நகரில் 1950களில் இயங்கிய கிரிஸ்தல் ஆர்த் என்ற பட்டறையாக இருக்க வேண்டும். வண்ண ஆடிகள், வளைந்த கால்களுடைய கண்ணாடி மேசைகள், பித்தளைப் பொருத்துகள் என்று மிலான் நிறுவனத்தின் சாயலிலேயே அவர்கள் நிறையச் செய்தார்கள். நீண்ட காலம் ஏலப் பட்டியல்களில் அவர்களுடைய பொருள்கள் ஃபொன்தானா ஆர்தே என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. அண்மைக் காலத்தில்தான் அவை திரும்பத் தம் பெயரைப் பெற்று வருகின்றன.

ஏல விவரக் குறிப்புகளில் சொற்களைக் கவனித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "பொன்த்தி வடிவமைத்தது" என்பதற்கும், "பொன்த்திக்கு உரியதாகக் கருதப்படுவது" என்பதற்கும், "பொன்த்தியின் பாணியில்" என்பதற்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. மூன்றாவது வகைச் சொற்றொடர் பொன்த்தியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கேடயம் போல மேலே அகன்று கீழே குறுகி, மெல்லிய பித்தளை விளிம்பு சுற்றிய ஆடிகள் இணையச் சந்தை முழுவதும் அவர் பெயரில் கிடக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெயர் தெரியாத பட்டறைகளின் பொருள்கள் என்பது என் உறுதியான கருத்து. ஃபொன்தானா ஆர்தே தன் பொருள்களுக்கு மாதிரி எண் கொடுத்துப் பட்டியல் அச்சிட்ட நிறுவனம். அந்தப் பட்டியல்களிலோ அக்காலத்து தோமுஸ் என்ற வடிவமைப்பு இதழின் பக்கங்களிலோ உங்கள் ஆடி படத்தோடு இருந்தால் மட்டுமே அந்தப் பெயரை நம்புங்கள்.

மூன்றாம்சாணை

நான் கண்ணாடி விளிம்பு தேய்க்கும் தொழிலில் இருந்தவன். இத்தாலியில் பதினெட்டு ஆண்டுகள், அதில் பெரும்பகுதி மிலானுக்கு வடக்கே உள்ள பிரியான்சா வட்டாரத்தில் ஒரு சிறு பட்டறையில் கழிந்தது. கேள்வியைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. "யார் செய்தார்" என்று ஒருமையில் கேட்பதால்தான் விடை கிடைக்காமல் போகிறது.

1950களில் ஒரு சட்டமிட்ட ஆடி உருவாக நான்கு வீடுகளாவது வேலை செய்தன. கண்ணாடித் தகட்டை வெட்டி, சாணையில் ஓரச் சரிவு பிடித்து, மெருகிடுவது ஒரு குடும்பம். அதற்கு ரசம் பூசுவது இன்னொரு குடும்பம், ஏனெனில் அந்த வேலைக்குத் தூசியில்லாத தனி அறையும் தூய நீரும் வேண்டும். மரச்சட்டம் கடைவதோ ஒட்டுப்பலகையில் பின்பலகை அறுப்பதோ தச்சர் வீட்டு வேலை. பித்தளைப் பட்டியை வளைத்துப் பற்றவைப்பது கன்னார் வேலை. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தி, கடைக்கு அனுப்பி, சீட்டு ஒட்டுபவர் ஐந்தாமவர். அந்த ஐந்தாமவருடைய பெயர்தான், அதுவும் சீட்டு உதிராமல் இருந்தால்தான், நமக்குக் கிடைக்கிறது.

இவர்கள் சிறியவர்களாகவே இருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1956 ஜூலையில் வந்த 860ஆம் எண் சட்டம், உரிமையாளர் தானும் கையால் உழைக்கும் தொழிலகத்துக்குக் கைவினைத் தொழிலகம் என்ற தனித் தகுதியைக் கொடுத்தது. வேலையாட்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே வேலை பெருகியபோது பட்டறையைப் பெரிதாக்குவதைவிட, மருமகனைப் பக்கத்துத் தெருவில் தனிப் பட்டறை வைக்கச் செய்வதே பலருக்கு எளிதாக இருந்தது. எங்கள் தெருவிலேயே ஒரே குடும்பப் பெயரில் மூன்று பலகைகள் தொங்கின. நாங்கள் இருந்தது நடுப்பலகைக்குக் கீழே.

ஓரச் சரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆடியைச் சோதிக்க அது உதவும். கண்ணாடிக் கடைகளில் பெவலிங் என்று சொல்வதை இங்கே மொலாத்தூரா என்பார்கள். முதலில் இரும்புச் சக்கரத்தில் ஈர மணலோ குருந்தக்கல் பொடியோ விட்டுக் கரடாக இறக்குவது, பிறகு மணற்கல் சாணையில் நயமாக்குவது, அடுத்து மரச் சக்கரத்தில் நுரைக்கல் தூள் கொண்டு மழமழப்பாக்குவது, கடைசியாகக் கம்பளி சுற்றிய சக்கரத்தில் மெருகு. நேர் விளிம்பை இயந்திரத்தில் செய்துவிடலாம். முட்டை வடிவத்துக்கு அப்போது கைதான். தகட்டை இரு கைகளாலும் பிடித்து, உடலோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். வளைவு இறுகும் முனையில் கை வேகம் குறையும், சரிவு ஒரு நூலளவு அகன்றுவிடும். உங்கள் ஆடியின் மேல்முனையிலும் பக்கவாட்டிலும் சரிவின் அகலத்தை அளந்து பாருங்கள். நூலளவு வேறுபாடு இருந்தால் ஒரு மனிதன் நின்று தேய்த்தது என்று பொருள். எங்கும் அச்சடித்தாற்போல ஒரே அளவாக இருந்தால் பிற்கால இயந்திர வேலையோ என்று ஐயப்பட வேண்டும்.

தெற்குத்தீவு

வணக்கம். நான் சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறேன். இங்கு எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் நிறையப் பேர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருக்கிறார்கள். நானும் ஒரு பழைய மாளிகை வீட்டில் பத்து வருடங்களாக வேலை செய்கிறேன். அந்த வீட்டுக் கூடத்தில் முழுவதும் கண்ணாடியாலேயே சட்டம் செய்த வெனிசு ஆடி ஒன்று இருக்கிறது. சட்டமெல்லாம் பூக்கொத்தும் முறுக்குத் தண்டுமாக இருக்கும். அதன் ரசம் ஓரங்களில் கறுத்துவிட்டது. ரசம் என்றால் பாதரசம்தானே? தினமும் துடைப்பதால் உடம்புக்குத் தீங்கு வருமா என்று வெகு நாளாக மனதில் ஒரு பயம் இருக்கிறது. ரசவாதி அண்ணை, தயவுசெய்து விளக்குவீர்களா?

ரசவாதி

நல்ல கேள்வி தம்பி. ரசம் என்ற நம் சொல்லில் ஒரு பழைய தொழில்நுட்பம் அப்படியே உறைந்து கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வெனிசை அடுத்த முரானோத் தீவின் கைவினைஞர்கள் ஆடி செய்தபோது, ஈய நிற வெள்ளீயத் தகட்டைப் பரப்பி, அதன் மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்ல வழுக்கி ஏற்றி, எடை வைத்து, நாள்கணக்கில் சாய்த்து வடியவிட்டார்கள். ஆடி செய்வோர் 1569-இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே தொழில் செழித்தது. அந்த நுட்பத்துக்காகவே பிரான்சு அமைச்சர் கொல்பேர் 1660களில் முரானோக் கைவினைஞர்களை இரகசியமாகப் பாரிசுக்கு வரவழைத்தார். 1684-இல் முடிந்த வெர்சாய் மாளிகையின் ஆடிக் கூடத்தில் இருக்கும் 357 ஆடிகள் பிரான்சிலேயே செய்யப்பட்டவை. அந்தப் பாதரச ஆவி அக்காலத் தொழிலாளர்களின் உடலைச் சிதைத்தது என்பது உண்மை.

ஆனால் 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடியின் மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பாதரச முறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. எனவே 20ஆம் நூற்றாண்டு ஆடியில் நாம் ரசம் என்று சொல்வது வெள்ளி. பழைய பாதரச ஆடி என்றால் அதன் முகம் சற்று நீலச் சாம்பல் நிறமாகவும், கெட்டுப்போன இடங்களில் உப்புப் பொரிந்தாற்போல மினுங்கும் துகள்களாகவும் தெரியும். சில சமயம் சட்டத்தின் அடியில் சிறு பாதரசத் துளிகள்கூடத் தங்கியிருக்கும். நீங்கள் சொல்வது போல ஓரத்திலிருந்து கறுப்பாகவும் பழுப்பாகவும் பரவியிருந்தால் அது வெள்ளி ஆடி. ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் விளிம்பு வழியே நுழைந்து வெள்ளியைக் கறுக்கவைத்திருக்கின்றன. அதைத் துடைப்பதால் தீங்கில்லை. ஆடிக்குத் தீங்கு நேராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியா கலந்த துப்புரவு நீரைத் தெளிக்கவே கூடாது. அது விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கினால் கறை விரைவாகப் பரவும். துணியில் சிறிது தூய நீரைத் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள்.

வெள்ளி படியும் காட்சியை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, தகரக் குளோரைடு கரைசலால் நனைத்து, மட்டம் பார்த்த மேசையில் வைத்திருந்தார்கள். வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்த நீரையும், சர்க்கரை வகைக் கரைசலையும் பட்டறை முதலாளியின் தாயார் ஒன்றாக ஊற்றினார். நீர் முதலில் வெளிறிய தேநீர் போல ஆனது, பிறகு கலங்கிக் கறுத்தது, கெட்டுவிட்டது என்று நான் நினைத்த கணத்தில் அடியிலிருந்து வெளிச்சம் எழுந்து வந்தது. எல்லாம் சில நிமிடங்கள்தான். மிஞ்சிய கரைசலை அன்றே அழித்துவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். வைத்துவிட்டால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். வெள்ளியின் மேல் காப்புக்காகச் செம்புப் படலமும், அதற்கு மேல் வண்ணப்பூச்சும் இட்டார்கள்.

உங்கள் வீட்டு ஆடியின் சட்டத்தை ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அடியில் மரச் சட்டகம் இருக்கும். அதன் மேல் சாணையால் செதுக்கிய கண்ணாடித் துண்டுகளைச் சிறு ஆணிகளால் பொருத்தி, ஆணித் தலைகளை மறைக்கவே அந்தக் கண்ணாடிப் பூக்களை வைக்கிறார்கள். பூ அலங்காரம் போலத் தெரிந்தாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. முரானோவில் இந்த வேலை இன்றும் குடும்பங்களின் கையில்தான் உள்ளது. பார்பினி என்ற குடும்பப் பெயர் 1660களில் பாரிசுக்குப் போனவர்களின் பெயர்களிலும் இருக்கிறது, இன்றைய முரானோ ஆடிப் பட்டறையின் பெயரிலும் இருக்கிறது. உலையில் ஊதும் தொழிலில் பரோவியே குடும்பத்தின் பெயர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஆவணங்களில் வருகிறது.

தெற்குத்தீவு

மிக்க நன்றி அண்ணை. இன்று காலையே பார்த்தேன். பூக்களில் ஒன்று தளர்ந்திருக்கிறது. அதன் அடியில் நீங்கள் சொன்னபடி சிறு பித்தளை ஆணி தெரிகிறது. வீட்டு அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிரம்புக்கூடை

கண்ணாடியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். சட்டத்தைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950, 60களின் இத்தாலிய ஆடிகளில் இன்று மிகுதியாகத் தேடப்படுவது பிரம்புச் சட்ட ஆடி. சூரியக் கதிர் போல விரிந்தவை, கயிற்றில் தொங்கும் வட்டங்கள், கண்ணிமை வடிவங்கள் என்று பல உண்டு. இவை எல்லாமே கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ அல்பீனி வடிவமைத்து, பொனச்சீனா பட்டறை செய்தவை என்று விற்கப்படுகின்றன.

அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. கோமோ ஏரிக்குத் தெற்கே லுராகோ தேர்பா என்ற ஊரில் ஜொவான்னி பொனச்சீனா 1889-இல் பிரம்புப் பட்டறை தொடங்கினார். அல்பீனி அங்கே செய்வித்த மார்கெரீத்தா நாற்காலி 1951 மிலான் திரியென்னாலே கண்காட்சியில் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அக்குடும்பத்தின் பெயரில் வித்தோரியோ, பியெரந்தோனியோ என இரு கிளைகள் தனித்தனியாக இயங்கின. ஆனால் அதே வட்டாரத்திலும், இத்தாலியின் பிற பகுதிகளிலும் பிரம்பு வேலை செய்த வேறு குடும்பங்கள் பல இருந்தன. உரோமில் செடி வளர்ப்புப் பண்ணையாகத் தொடங்கிய விவாய் தெல் சூத் மூங்கிலிலும் பிரம்பிலும் தனி வழி கண்டது. ஆதாரமில்லாத ஒவ்வொரு பிரம்பு ஆடியையும் அல்பீனி தலையில் கட்டுவது அவருக்கும் நியாயமன்று, செய்தவர்களுக்கும் நியாயமன்று.

பிரம்பை இத்தாலியர்கள் கன்னா திந்தியா, அதாவது இந்தியத் தண்டு என்று அழைப்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உண்மையில் பெரும்பாலும் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்துதான் வந்தது. மூங்கில் உள்ளே பொள்ளலானது, பிரம்பு உள்ளே கெட்டியானது. அதனால்தான் ஆவியில் வேகவைத்து அச்சில் வளைத்தால் உடையாமல் வட்டமாகிறது. மேல்தோலை நாராக உரித்து, இணைப்புகளைக் கட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். பழைய சட்டத்தில் அந்தக் கட்டுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கட்டின் தொடக்கமும் முடிவும் சட்டத்தின் பின்புறம் மறைந்து, சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நெருங்கிப் படிந்திருந்தால் அது தேர்ந்த கை. நெகிழிப் பசை வழிந்திருந்தால் அண்மையில் செய்தது அல்லது பழுது பார்த்தது.

ஏலக்குறிப்பு

மூன்றாம்சாணை ஐயா சொன்ன நான்கு வீட்டுக் கணக்கு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆயினும் வடிவமைப்பாளர்களின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பொன்த்தி 1928-இல் தோமுஸ் இதழைத் தொடங்கியது முதல், கைவினைஞர்களின் பொருள்களைக் கட்டடக் கலைக்கு நிகராக அச்சில் வைத்தவர். போருக்குப் பின் 1950 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கி, மூன்று ஆண்டுகள் அமெரிக்க அருங்காட்சியகங்களைச் சுற்றிவந்த இத்தாலியக் கைவினைக் கண்காட்சியில் அவர் வடிவமைத்த அறையும் இருந்தது. இந்த அறிமுகத்தால் அமெரிக்கச் சந்தை திறந்தது. பிரியான்சாவின் தச்சருக்கும் ஃபிளாரன்சில் தங்க ரேக்கு ஒட்டுபவருக்கும் வேலை கிடைத்தது. பிரியான்சாவின் கந்தூ நகரில் 1955-இல் தொடங்கிய மரச்சாமான் வடிவமைப்புப் போட்டியில் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த வரைபடங்களுக்கு அவ்வூர்த் தச்சர்கள்தான் உருக்கொடுத்தார்கள். வரைந்தவர் இல்லாமல் அந்தப் பட்டறைகள் பழைய பாணிச் சட்டங்களையே செதுக்கிக்கொண்டிருந்திருக்கும்.

வடிவமைப்பாளர் எத்தோரே சோத்சாசை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1950களின் பிற்பகுதியில் சந்தம்புரோஜோ எ தே பெர்த்தி என்ற ஆடிப் பட்டறைக்காக மரச்சட்ட ஆடிகளை வடிவமைத்தார். அவருடைய பெயர் இல்லாவிட்டால் அப்பட்டறையின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்போம்?

மூன்றாம்சாணை

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பொன்த்தியைப் பற்றி எங்கள் பட்டறையில் மரியாதையோடுதான் பேசுவார்கள். அவர் வரைபடத்தோடு வந்து நின்று, "இது முடியுமா" என்று கேட்கும் மனிதர் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பியேரோ ஃபொர்னசெத்தியின் மிலான் பட்டறையோ வரைவதும் அச்சிடுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம். குவியாடிகளை வட்டமாக அடுக்கிய அவருடைய மாய ஆடிகளில் வடிவமைத்தவர் வேறு, செய்தவர் வேறு என்று பிரிக்கவே முடியாது. 1988-இல் அவர் மறைந்த பின் மகன் பர்னபா அதை ஏற்று நடத்துகிறார்.

என் ஆதங்கம் அங்கே இல்லை. செய்தவர் யாரென்று தெரியாத பொருளுக்குப் பெரிய பெயரை ஒட்டும்போது, அந்த வடிவம் தச்சர் வீட்டுச் சமையலறை மேசையில், யாரும் சொல்லித்தராமல் தோன்றியிருக்கக்கூடும் என்ற வாய்ப்பே அழிந்துவிடுகிறது. வரேதோ ஊரின் பொர்சானி குடும்பத்தைப் பாருங்கள். தந்தை கயெத்தானோ மரப்பட்டறை வைத்திருந்தார். மகன் ஒஸ்வால்தோ கட்டடக் கலை படித்து, இரட்டைச் சகோதரர் ஃபுல்ஜென்சியோவுடன் 1953-இல் தெக்னோ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் வளர்ந்ததால் அவர்களுடைய ஆவணங்கள் காக்கப்பட்டன. வளராத பட்டறையின் கணக்குப் புத்தகம், கடைசி ஆள் ஓய்வு பெற்ற அன்று பழைய காகிதத்தோடு போய்விடுகிறது. நான் இருந்த பட்டறையிலும் அதுதான் நடந்தது. மாதிரி அட்டைகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன, ஒவ்வொன்றிலும் வடிவத்தின் கோடும் வாடிக்கையாளரின் ஊரும் எழுதியிருக்கும். இடத்தைக் காலி செய்ய ஒரு வாரமே இருந்தது. அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றும் அது மனத்தை அறுக்கிறது.

தொழில் சுருங்கியதற்குக் கண்ணாடியும் காரணம். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடு வார்க்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. தேய்த்து மெருகிட்டுத்தான் தட்டையாக்க வேண்டும் என்ற நிலை அதோடு முடிந்தது. 1970-இல் சோத்சாஸ் பொல்த்ரோனோவா என்ற மரச்சாமான் நிறுவனத்துக்காக வடிவமைத்த அலைச்சட்ட ஆடியின் சட்டம் நெகிழித் தகட்டில் அச்சு வார்த்தது, உள்ளே நியான் விளக்கு எரியும். அழகான பொருள்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் கடைசல்காரருக்கோ கன்னாருக்கோ வேலையில்லை.

சாளரத்தோரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆடியை இறக்கி, பின்பலகையைக் கழற்றினேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

பின்பலகை ஒட்டுப்பலகை, விளிம்பில் அரம் ஓடிய கோடுகள் தெரிகின்றன. எட்டுத் திருகாணிகள், எல்லாம் ஒற்றைக் கீறல் தலை உடையவை. ஒன்று மட்டும் கூட்டல் குறித் தலையோடு புதிதாக இருக்கிறது. ஆடியின் முதுகில் செங்கல் நிறப் பூச்சு; அது உரிந்த இடத்தில் செம்பு நிறம் மின்னுகிறது. நீலப் பட்டை ஒரே வளையமாக இல்லை; நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைவுக்கு வெட்டப்பட்டவை. அவற்றின் சந்திகளில் இரண்டைப் பித்தளைக் குமிழ்கள் மறைக்கின்றன, மற்ற இரண்டும் மயிரிழை போல வெளியே தெரிகின்றன. இத்தனை நாள் பார்த்தும் அதை நான் கவனிக்கவில்லை. சரிவின் அகலத்தை அளந்தேன். பக்கவாட்டில் 14 மி.மீ., மேல்முனையில் 15.

பின்பலகையின் உட்புறத்தில் தச்சர் பென்சிலால் 74 × 52 என்றும், அதன் கீழே சினிஸ்த்ரா என்றும் எழுதியிருக்கிறது. சினிஸ்த்ரா என்றால் இடது. சீட்டு எதுவும் இல்லை. சீட்டு ஒட்டியிருந்த பசைத் தடமும் இல்லை.

ரசவாதி

மிகவும் நல்ல பதிவு. செம்புப் படலமும் அதன் மேல் பூச்சும் 1950களுக்கு முற்றிலும் பொருந்துகின்றன, ஆனால் அவை மட்டுமே காலத்தை நிறுவிவிடா. சரிவின் அந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு மூன்றாம்சாணை சொன்னதற்குச் சான்று. நீலப் பட்டை நான்கு துண்டாக இருப்பதும், இரு சந்திகள் வெளியே தெரிவதும், பெரிய நிறுவனத்தின் வேலை என்று சொல்லத் தயங்கவைக்கின்றன. தகட்டைச் சிக்கனமாக வெட்ட வேண்டிய தேவை இருந்த பட்டறை இது என்றே நான் கருதுவேன். கைத்திறனில் குறையில்லை. என் மதிப்பீடு: வட இத்தாலி, 1950களின் பிற்பகுதி அல்லது 60களின் தொடக்கம். ஃபொன்தானா ஆர்தே என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. விற்றவரிடம் அந்தப் பெயரை எழுத்தில் தருமாறு கேளுங்கள். தர மறுத்தால் விலையைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

ரசத்தைப் புதுப்பிக்க வேண்டாம். ஓரத்தில் இருக்கும் புள்ளிகளோடு அது நெடுநாள் நிற்கும். ஈரச் சுவரில் மாட்டாமல், பின்னால் காற்றுப் போகச் சிறு தக்கைத் துண்டுகளை வைத்து மாட்டுங்கள்.

மூன்றாம்சாணை

இடது என்று எழுதியிருப்பதால் வலதும் ஒன்று இருந்திருக்கிறது. கணப்படுப்புக்கோ கட்டிலுக்கோ இருபுறமும் மாட்டுவதற்கு இணையாகக் கேட்டு வாங்குவார்கள். இணையாடி என்றால் நாங்கள் இரண்டு தகடுகளையும் அருகருகே வைத்து, ஒன்றில் நான்கு சுற்று, மற்றதில் நான்கு சுற்று என்று மாற்றி மாற்றித் தேய்ப்போம். அப்போதுதான் சரிவு இரண்டிலும் ஒத்து வரும். உங்களுடையதன் மேல்முனையில் 15 மி.மீ. என்றால் அதன் இணையிலும் 15 இருக்க வேண்டும். எங்காவது கண்ணில் பட்டால் முதலில் அதை அளந்து பாருங்கள்.

சாளரத்தோரம்

விற்றவர் எழுதித் தர மறுத்துவிட்டார். நீண்ட பேச்சுக்குப் பின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பினார். ஆடியைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டபோது என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

இன்று காலை அதை மறுபடி மாட்டினேன். பின்பலகையில், அந்தப் பென்சில் எழுத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓர் உறையில் சிறு தாள் வைத்திருக்கிறேன். அளவு, சரிவின் இரு அகலங்கள், நீலப் பட்டையின் நான்கு துண்டுகள், மாற்றப்பட்ட ஒரு திருகாணி, வாங்கிய ஊர், நாள் ஆகியவற்றை எழுதி, பட்டறை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். சன்னலின் இடப்பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வலப்பக்கச் சுவரில் அதே உயரத்தில் ஓர் ஆணியும் அடித்தாயிற்று.